ஊதியும் மஞ்சளாகவில்லை என்றால் தண்ணீரைப் பாருங்கள்

வணக்கம் டீச்சர். போர் தண்ணீரில் புரோமோதைமால் நீலம் (அமிலம் கூடக்கூட நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகும் சாயம்) விட்டு, பிள்ளைகள் ஸ்ட்ராவால் 5 நிமிடம் ஊதியும் பச்சையோடு நின்றுவிட்டது என்றீர்கள். சாயத்தில் கோளாறு இருக்காது. போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். மூச்சின் கார்பன் டை ஆக்சைடு உண்டாக்கும் அமிலத்தை அது தாங்கிக்கொள்கிறது.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். சாயத்தை அப்படியே விட்டால் ஊதும் முன்பே மஞ்சளாகிவிடும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும். அதனால் 1 லிட்டரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து, அந்தக் கரைசலில் 1 டீஸ்பூன் மட்டும் 200 மி.லி. டிஸ்டில்டு வாட்டரில் விடுங்கள். நீலம் வந்தபின் ஊதட்டும், உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாகி, பிறகு மஞ்சளாகும்.

போர் தண்ணீர் டம்ளரைக் கொட்டிவிடாதீர்கள், பக்கத்திலேயே வையுங்கள். கடலும் இப்படித்தான் தாங்குகிறது. மழை பாறையைக் கரைக்க, பைகார்பனேட்டை ஆறுகள் கடலில் சேர்க்கின்றன. சிப்பியும் பவளமும் அதைச் சுண்ணாம்பாக்குகின்றன. அந்தப் படிவில் ஒரு பகுதி கடல்தட்டோடு பூமிக்குள் இறங்கி, எரிமலை வழியே வாயுவாகத் திரும்புகிறது. இதற்குப் பல கோடி ஆண்டுகள் பிடிக்கும். நாம் விடும் புகையின் வேகம் வேறு: தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேல்மட்டத்தின் பிஎச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கிவிட்டது. பிஎச் மடக்கை அளவு (ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு) என்பதால், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி கால் பங்கு கூடியிருக்கிறது.