முகத்தில் பிளேடு போட்டால் முடி அடர்த்தியாக வளருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 28 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். சில மாதங்களாக டர்பனில் ஒரு பார்லரில் டெர்மாபிளேனிங், அதாவது முகத்தைப் பிளேடால் வழித்தெடுப்பது, செய்துகொள்கிறேன். முகம் பளிச்சென்று இருக்கிறது, மேக்கப்பும் நன்றாக உட்காருகிறது. ஆனால் ஆயா, "பிளேடு பட்ட முகத்தில் ஆம்பளை மாதிரி தாடி முளைக்கும்" என்கிறார். தாடையில் முடி சொரசொரவென்று வருவதும் உண்மைதான். நிறுத்திவிடவா?

பதில்: பிளேடால் முடி அதிகமாகாது, தடிக்காது, கறுக்கவும் செய்யாது. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. பார்லரில் பிளேடைச் சாய்த்துப் பிடித்து எடுப்பது மேலே படிந்த இறந்த செல்களையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூனைமுடியையும் மட்டும்தான், மேலே வெட்டியது கீழே இருக்கும் வேருக்குத் தெரியவே தெரியாது. முருங்கையை வெட்டினால் நாலு கிளை விடும் என்பது மரத்துக்குச் சரி, முடி அப்படிக் கிளை விடுவதில்லை. 1928லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறு ஆய்வாளர் ஆண்களின் தாடியை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார், 1970ல் வேறு ஆய்வாளர்கள் ஒரு காலை மட்டும் மாதக்கணக்கில் ஷேவ் செய்ய வைத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் வித்தியாசம் எதுவும் இல்லை.

அப்படியானால் அந்தச் சொரசொரப்பு? இயல்பாக வளர்ந்த முடியின் நுனி மெலிந்து கூராக இருக்கும். வெட்டிய முடி தட்டையான நுனியோடு வெளியே வருகிறது, அதனால் கைக்குக் குத்துகிறது. வெயில் பட்டு வெளுக்காத புது முடி என்பதால் கொஞ்சம் கறுப்பாகவும் தெரியும். சில வாரம் விட்டுவிட்டால் பழையபடி ஆகிவிடும்.

ஆனால் ஆயா சொன்னதை முழுவதுமாக ஒதுக்கிவிடாதீர்கள். முன்பு பூனைமுடி இருந்த இடத்தில், அதுவும் தாடை, மேலுதடு, கழுத்து இங்கெல்லாம், உண்மையிலேயே தடித்த கறுப்பு முடி வருகிறது என்றால் காரணம் பிளேடு இல்லை, உடம்புக்குள் தேட வேண்டும். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, எடை கூடியிருக்கிறதா, பரு அடங்கவே மாட்டேன் என்கிறதா, கழுத்து மடிப்பு கறுத்திருக்கிறதா? இருந்தால் பிசிஓஎஸ் என்ற, சினைப்பையையும் ஹார்மோனையும் பாதிக்கும் கோளாறாக இருக்கலாம், ஹார்மோனும் சர்க்கரையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கேட்காமல் விட எனக்கு மனம் வராது: முகம் வெளுக்க ஏதாவது கிரீம் போடுகிறீர்களா? ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்புக் கிரீம்களைத் தென்னாப்பிரிக்கா 1990லேயே தடை செய்துவிட்டது, இருந்தும் கடைகளில் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன, பலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கிறது. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும், பரு வரவழைக்கும், போட்ட இடத்தில் முடியையும் வளர வைக்கும். பழி மட்டும் பிளேடுக்குப் போகும். அப்படி மெலிந்த தோலில் பிளேடு வைப்பது ஆபத்தும்கூட.

முடிக்குப் பயப்பட வேண்டாம், தோலுக்குத்தான் கவனம் வேண்டும். நம் நிறத்துத் தோலில் சின்னக் கீறலும் எரிச்சலும் மாதக்கணக்கில் கறுப்புத் தழும்பாக நின்றுவிடும். சீழ்ப் பரு, உதட்டுக் கொப்புளம், எக்ஸிமா இருந்தால் அந்தச் சமயம் வேண்டவே வேண்டாம். ரெட்டினால் கிரீமைச் சில நாள் முன்பே நிறுத்துங்கள், பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். புது பிளேடை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், தயங்காமல் கேளுங்கள். அப்புறம் டர்பன் வெயில். காவடி சமயத்தில் வெறும் காலோடு வெயிலில் நடந்து நிற்கிற வாரம் என்றால் அதற்கு முன்னால் செய்யவே கூடாது, மற்ற நாளில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

பார்லரில் "லேசர் செய்துவிடுங்கள், முடியே வராது" என்பார்கள். மெல்லிய பூனைமுடிக்கு லேசர் அவ்வளவாக வேலை செய்யாது, நம்மைப் போன்ற பழுப்புத் தோல் பெண்களில் சிலருக்கு லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி அதிகமாக வளர்ந்துமிருக்கிறது. தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

இப்போதைக்கு இரண்டு மாதம் பிளேடை நிறுத்திப் பாருங்கள். அதன் பிறகும் தாடையில் தடித்த முடி நின்றால் மாதவிடாய்த் தேதிகளைக் குறித்துக்கொண்டு, முகத்தில் போடும் கிரீம் டியூபையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.