மூடுபனிக்கு மேலே நிற்க எந்த நாளில், எப்போது ஏறலாம்?

கேள்வி: எங்கள் பக்கத்தில் 200 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு குன்று இருக்கிறது. விடியும் முன் ஏறினால் மூடுபனி காலுக்குக் கீழே கடலாக விரியும் என்கிறார்கள். நான் போகும் நாளில் ஒன்று, பனியே இருப்பதில்லை. இல்லையென்றால் உச்சியிலும் பனிக்குள்ளேயே நிற்கிறேன். நாளையும் நேரத்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: நீங்கள் உச்சியில் மாட்டிக்கொண்ட பனியும் நீங்கள் தேடும் பனியும் வேறு வேறு.

நீங்கள் தேடுவது பள்ளத்தில் தேங்கும் பனி. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டியிருக்கும் காற்றும் குளிர்ந்து, கனமாகி, சரிவுகளில் வழிந்து தாழ்வான இடத்தில் சேர்கிறது. ஈரம் போதுமான அளவு இருந்தால் அங்கே மூடுபனி உருவாகும். பொதுவாக ஒரு கிலோமீட்டர் மேலே போனால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். இந்த மாதிரி விடியலில் அது தலைகீழ்: அடிவாரம் குளிரும், சற்று மேலே வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பான அடுக்கு, பானைக்கு மூடி போட்டதுபோலப் பனியைக் கீழேயே வைத்திருக்கிறது.

உச்சியில் உங்களைச் சூழ்ந்தது பெரும்பாலும் மேகமாகத்தான் இருக்கும். ஈரக்காற்று குன்றில் மோதி மேலேறும்போது குளிர்ந்து அங்கேயே மேகமாகிவிடும். அந்த நாளில் ஏற ஏறப் பனி அடர்த்தியாகும். எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் பயனில்லை.

ஆகவே முந்தைய இரவே வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். இலைகள் அசைவது தெரியாத அளவுக்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். அன்றோ முந்தைய நாளோ மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது. வானிலை ஆப்பில் ‘டியூ பாயிண்ட்’ என்று ஒரு எண் இருக்கும். காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் துளியாக மாறும் என்பதை அது சொல்கிறது. விடியற்காலை வெப்பநிலை அந்த எண்ணைத் தொடும் என்று காட்டினால் வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லையா? என்னைக் கேட்டால் காற்றை மட்டுமாவது பாருங்கள். மற்றதெல்லாம் பொருந்தி வந்தாலும் காற்று வேகமாக வீசினால் அந்த அடுக்கு கலைந்துவிடும்.

சரி, நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏற்றத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். பாதை 2 கிலோமீட்டர் என்றால் உங்கள் குன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இருட்டில் ஏறுவதால் ஒரு மணி நேரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போதே உச்சியில் இருப்பது நல்லது. ஆக, உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும்.

பனிக்குள் நடக்கும்போது டார்ச்சை நெற்றியில் மாட்டாதீர்கள். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகும் ஒளி துளிகளில் பட்டுத் திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். இடுப்புயரத்தில் பிடித்துத் தரையைப் பார்த்து அடித்தால் கல்லின் நிழலும் மேடுபள்ளமும் தெளிவாகத் தெரியும். அவ்வப்போது அதை அணைத்துவிட்டுத் தலைக்கு நேர் மேலே பாருங்கள். மங்கலாகவாவது நட்சத்திரம் தெரிந்தால் பனி அதிக ஆழமில்லை, வெளியே வந்துவிடுவீர்கள். இன்னும் கொஞ்சம் ஏறியதும் முகத்தில் படும் காற்று சட்டென்று வெதுவெதுப்பாகும். அங்கேதான் அந்த மூடி இருக்கிறது.

சூரியன் வந்தவுடன் இறங்கிவிடாதீர்கள். முதல் வெயில் புல்லிலும் தரையிலும் படிந்திருக்கும் பனித்துளிகளை ஆவியாக்கி, காற்றையும் லேசாகக் கலக்கும். அதனால் பனி சிறிது நேரம் இன்னும் அடர்ந்து, மேலெழும்பி உங்களையே மூடலாம். காத்திருங்கள். பிறகுதான் அது கிழிந்து கலையும்.

அப்புறம், கிழக்கே பார்த்துக்கொண்டே நிற்காமல், சூரியனுக்கு முதுகைக் காட்டியும் நில்லுங்கள். கீழே பனியின் மேல் உங்கள் நிழல் நீண்டு விழும். தலையைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியலாம். பக்கத்தில் இருப்பவருக்கு வளையம் அவர் தலை நிழலைச் சுற்றித்தான் தெரியும், உங்கள் தலையைச் சுற்றி அல்ல. 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் இந்த ஒளி விளையாட்டைப் பார்த்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன், அதை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்க்க முயன்றார். அந்த முயற்சியிலிருந்து பிறந்த மேக அறைக்குத்தான் (கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் போகும் தடத்தை நீர்த்துளிகளால் காட்டும் கருவி) 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இறங்கும்போது பாறைகள் ஏறியபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கலாம். பாசி படிந்த பக்கத்தைத் தவிர்த்து, அடியைச் சின்னதாக வைத்து இறங்குங்கள். கீழே பனி இன்னும் கலையவில்லை என்றால், பாதை கண்ணுக்குத் தெரியும்வரை மேலேயே இருங்கள்.