காணியை ஈடு வைக்கும் முன் அந்த மழைக்கோட்டைப் பாருங்கள்

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்குக் காணாது என்று பயம். லண்டன் மாமா கொழும்பில் தனியார் கல்லூரியில் சொஃப்ட்வெயார் படிக்க வைக்கச் சொல்கிறார். முதல் வருடக் காசு அவருடையது, மிச்சத்துக்கு நிலாவெளிக் காணியை வங்கியில் ஈடு வைக்க யோசிக்கிறீர்கள். ‘பயப்படாதீர்கள், எல்லாம் சரிவரும்’ என்று நான் எழுதினால் இரண்டு நாள் நித்திரை வரும், அவ்வளவுதான். காணியை ஈடு வைக்காதீர்கள்.

மாமாவின் காசு ஒரு வருடத்துக்கு. கடன் உங்கள் தலையில் பல வருடத்துக்கு. மகளுக்குக் கணினியில் ஆசை என்று உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. இருப்பது வேறொன்று: தகப்பனின் மழைக்கோட்டு வெளியே நனையாமல் உள்ளே ஏன் இப்படி வியர்க்கிறது என்று பார்க்க, அதைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்துவிட்டாள் என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் எனக்கு உபயோகமான வரி அதுதான்.

மருத்துவம், ஆசிரியத் தொழில், வங்கிப் பரீட்சை பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆட்கள் போதும். நான் சொல்வது துணிப் பொறியியல். அதிலும் மகள் கேட்ட அந்தக் கேள்விதான் ஒரு முழுத் தொழில்: தண்ணீரைத் தடுக்கவும் வேண்டும், வியர்வை ஆவியை வெளியே விடவும் வேண்டும், தொட்டால் பிளாஸ்டிக் மாதிரி இல்லாமல் துணி மாதிரி இருக்கவும் வேண்டும்.

குழந்தைகளுக்குக் கட்டும் பாம்பர்ஸில், வெளிப்பக்கம் துணி போல இருக்கும் ரகம் ஒன்றை எடுத்து அந்த வெளித்தாளை உரித்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, அதன் மேல் பஞ்சு போன்ற படை ஒன்று. அந்தப் படலம் பொலிஎத்திலீனில் நுண்ணிய சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து உருக்கிச் செய்தது. தூள் ஏறக்குறைய பாதி எடை வரை இருக்கும். படலத்தைப் பிறகு இழுப்பார்கள். இழுக்கும்போது பிளாஸ்டிக் தூளை விட்டு விலகி, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் வளைந்து வளைந்து உண்டாகும். ஆவி அதற்குள்ளால் போகும். தண்ணீர்த் துளி போகாது, பொலிஎத்திலீனில் நீர் ஒட்டாது என்பதால். சுடுதண்ணீர்க் கோப்பையின் வாயில் இதைக் கட்டி மேலே ஒரு கண்ணாடியைப் பிடித்தால் ஆவி ஈரமாகப் படியும். ஆறிய பிறகு கோப்பையைக் கவிழ்த்தால் ஒழுகாது. சரி, அந்தப் பஞ்சு? பொலிப்புரோப்பிலீனை உருக்கி இடியப்ப உரல் மாதிரி நுண்துளைகளால் பிழிந்து, காற்றால் இழுத்து, ஓடும் வலையில் விரித்து, சூடான உருளையால் புள்ளி புள்ளியாக ஒட்ட வைத்தது. நெசவே கிடையாது.

கஷ்டம் இரண்டையும் சேர்ப்பதில். பசை கூடினால் துளை அடைபட்டு ஆவி நின்றுவிடும், குறைந்தால் உரியும். சூட்டால் ஒட்டினால் படலம் உருகி ஓட்டை விழலாம். எவ்வளவு பசை, எந்த வடிவில், எந்தச் சூட்டில் என்று தீர்மானிப்பவர்தான் பொறியியலாளர்.

விலை கூடிய மழை ஜாக்கெட்டின் கதை 1969இல் தொடங்குகிறது. பொப் கோர் என்ற அமெரிக்கர் சூடான டெஃப்லோன் கம்பிகளை மெதுவாக இழுத்தபோது எல்லாம் அறுந்தன. வெறுத்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார், பல மடங்கு நீண்டது, உள்ளே நுண்துளைகள். நனையாமல் ஆவியை மட்டும் விடும் கோர்டெக்ஸ் துணி பிறந்தது அப்படி. இப்போது ஃபுளோரின் சேர்ந்த நீர்த்தடுப்புப் பூச்சுகள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் கிடக்கின்றன என்பதால் நாடுகள் ஒவ்வொன்றாகத் தடை போடுகின்றன. டெஃப்லோனிலும் ஃபுளோரின்தான் என்பதால், கோர்டெக்ஸ் நிறுவனமே 2022இல் பொலிஎத்திலீன் படலத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது. பழைய செய்முறைகளைத் திருப்பி எழுதும் காலம் இது, புதிதாக வருகிறவர்களுக்கு நல்ல காலம்.

நம் கரைக்கென்று தீராத ஒரு கணக்கும் இருக்கிறது. உள்ளே ஈரம் கூடி வெளியே குறைந்திருந்தால்தான் ஆவி வெளியேறும். மாரி மழையில் திருகோணமலையில் வெளியேயும் ஈரம்தானே! குளிர்நாட்டுக்குச் செய்த ஜாக்கெட் இங்கே பாதி வேலைகூடச் செய்யாது. மகளின் சந்தேகம் சின்னப்பிள்ளைத்தனம் இல்லை, அம்மா.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறையே உண்டு. நான்கு வருடப் பொறியியல் பட்டம், படித்த மூன்று பாடங்களே போதும், கற்கைக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் பொதுப் பொறியியலோடு சேராமல் தனியாக வரும், இடம் கிடைக்க வேண்டிய குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளியும் தனி. திருகோணமலை பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு மேல் இன்னொரு சிறு ஒதுக்கீடும் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் ‘காணாது’ என்று யார் முடிவு கட்டியது?

‘இவ்வளவு படித்து கார்மென்ட்ஸுக்கா போவாள்?’ என்று பெரியம்மா கேட்டாராம். ஜூக்கி மெஷினில் இருந்து தைத்து வீட்டைத் தாங்கும் பிள்ளைகளை இளக்காரமாகப் பேசுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், இவள் படிக்கப்போவது துணியை உண்டாக்குவது, சோதிப்பது. எத்தனை மில்லிமீட்டர் உயர நீரழுத்தத்தைத் துணி தாங்குகிறது, ஒரு நாளில் ஒரு சதுர மீட்டரால் எத்தனை கிராம் ஆவி போகிறது என்று அளக்கும் வேலை.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஊரோடு இருக்க முடியாது. துணி ஆலைகள் அவிசாவளை, பியகம பக்கம். நனோ ஆய்வு நிறுவனம் ஹோமாகமவில். ஏறாவூரில் துணி உற்பத்திக்கென்று ஒரு வலயம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். படிப்பு ஆங்கிலத்தில், ஆலைத் தளத்தில் சிங்களம் இல்லாமல் முடியாது. இரண்டையும் இந்த இடைக்காலத்திலேயே தொடங்கட்டும்.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை அவளே எழுதட்டும். தகுதி வருகிற முதல் விருப்பம்தான் கிடைக்கும் என்பதால், கௌரவத்துக்காக வேண்டாத ஒன்றை மேலே போட்டால் அதுவே வந்து சேரும். கிடைக்காவிட்டால் இரத்மலானையில் உள்ள அரச துணி, ஆடை நிறுவகத்தின் கற்கைகளைப் பாருங்கள், அல்லது உயர்தரப் பரீட்சையை இன்னொரு தடவை எழுதட்டும். மாமாவுக்கு உதவ மனம் இருந்தால் மொறட்டுவையில் தங்கும் செலவைத் தரட்டும். அந்தக் கல்லூரிக்கு முற்பணம் ஏதும் கட்டியிருந்தால், திருப்பித் தருவார்களா என்று இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.