கௌராமி குஞ்சுகள் நாலாம் நாளே ஏன் சாகின்றன?

கேள்வி: தக்கலைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்கிறேன். கப்பி, மோலி நன்றாகவே பெருகுகின்றன. கௌராமி முட்டையும் பொரிக்கிறது, தொட்டி நிறையக் குஞ்சு தெரிகிறது. ஆனால் நாலாம் நாள் தொடங்கி ஒரு வாரத்துக்குள் எல்லாம் காலி. அவித்த முட்டையின் மஞ்சள் கரு, கடையில் விற்கும் பொடித் தீனி இரண்டும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். கிணற்றுத் தண்ணீரில் ஏதும் கோளாறா?

பதில்: முட்டை பொரித்து மூன்று நாள் குஞ்சு நன்றாக இருந்திருக்கிறது. அதனால் கிணற்றை முதலில் சந்தேகப்பட வேண்டாம். உங்கள் குஞ்சுகள் பட்டினியில் சாகின்றன. நீங்கள் போடுவது எதுவும் அவற்றின் வாய்க்குள் போகவில்லை.

கப்பியும் மோலியும் குட்டி போடும் மீன்கள். பிறந்த அன்றே பொடித்த தீனியைக் கொத்தும் அளவுக்கு அந்தக் குட்டிகளுக்கு வாய் பெரிது. அந்தப் பழக்கத்தில் கௌராமியையும் வளர்க்கப் பார்ப்பதில்தான் பலரும் அடிபடுகிறார்கள். கௌராமி முட்டை ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். அதன்பின் இரண்டு மூன்று நாள் குஞ்சு தன் வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருப் பையில் உள்ள சத்தை வைத்தே பிழைக்கும். அது தீர்ந்து, படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கியதும் வாயருகே உயிருள்ள, அசைகிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்ன இரை இருந்தாக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் எண்ணிக்கை குறையும். பொடி மேலே மிதக்கும், அசையாது. மஞ்சள் கரு அடியில் படிந்து அழுகி அம்மோனியாவைக் கிளப்பும். அதனால் பிழைத்த குஞ்சை விடக் கெட்ட தொட்டியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தேவை இன்ஃபுசோரியா, அதாவது நுண்ணுயிர்த் தண்ணீர். ஆணையும் பெண்ணையும் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே இதைத் தொடங்குங்கள். குஞ்சைப் பார்த்த பிறகு இதற்கான வாழைப்பழத் தோலை ஊறப்போட்டால் அது தயாராகும் முன் தொட்டி காலியாகிவிடும்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து ஒரு மட்டிப்பழத் தோலைப் போடுங்கள். பாளையங்கோட்டன் தோலானாலும் சரி, மருந்து தெளித்த குலையாக மட்டும் இருக்கக் கூடாது. பாசி பிடித்த ஊர்க்குளத்துத் தண்ணீரில் ஒரு டம்ளர், நெருக்கமான துணியில் வடிகட்டி, அதில் ஊற்றுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் தட்டான் புழுவும் கூட வரும், அது குஞ்சையே தின்றுவிடும். வாளியைக் கொசுவலையால் மூடி, வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். முதல் இரண்டு நாள் தண்ணீர் பால்போல் கலங்கி நாறும், மேலே ஏடு கட்டும். அது பாக்டீரியா, அப்போது கொடுக்காதீர்கள். நாலைந்து நாளில் நாற்றம் அடங்கி, தெளிந்து, இளமஞ்சளாக மாறும். ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் தூசிபோல் வெள்ளைப் புள்ளிகள் தாமாகவே நகர்வது தெரியும். தெரிந்தால் தயார். நடுவாக்கில் இருந்து மொண்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, தொட்டியின் அளவைப் பார்த்து ஒன்றிரண்டு டம்ளர் விடுங்கள். வாளி வறண்டுவிடாமல் இருக்க, மூன்று நாளுக்கு ஒருமுறை இன்னொரு வாளி தொடங்குங்கள்.

முட்டையிட்டதும் பெண்மீனை எடுத்துவிடுங்கள். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுங்கள், இல்லாவிட்டால் காவல் காத்ததே தின்னும். தண்ணீர் ஒரு சாண் ஆழம் போதும். ஏரேட்டர் குமிழி மெல்ல வரட்டும்.

குஞ்சு ஒரு வாரம் தாண்டியதும் ஆர்ட்டீமியா, அதாவது உப்புத் தண்ணீரில் வாழும் இறால் போன்ற சின்ன உயிர். இதன் முட்டை டின்னில் கிடைக்கும். அதற்கு முன் வேண்டாம். முட்டையிலிருந்து அப்போது வெளிவந்த ஆர்ட்டீமியா கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் இருக்கும், புதுக் குஞ்சால் விழுங்க முடியாது. அடிப்பகுதி வெட்டிய பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல்லுப்பு கரைத்து, ஒரு கிராம் முட்டை போட்டு, காற்றை நன்றாக ஓட விடுங்கள். புத்தளம் உப்பே போதும். 28 டிகிரி சூட்டில் ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஓடு மேலே மிதக்கும், செம்மஞ்சள் குஞ்சு கீழே வெளிச்சத்தை நோக்கித் திரளும். துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, அன்றே கொடுத்துவிடுங்கள். நேரம் ஆக ஆக அதன் சத்து இறங்கும். மிச்சம் விடாத அளவுக்கே போடுங்கள், நல்ல தண்ணீரில் அது அதிக நேரம் உயிரோடு இருக்காது. டின்னைத் திறந்தபின் ஈரம் படாமல் இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நம்மூர்ச் சாரல் காலத்தில் வெளியே வைத்தால் வீணாகிவிடும்.

தின்றதா என்று சந்தேகமாக இருந்தால் டார்ச் அடித்து வயிற்றைப் பாருங்கள். ஆர்ட்டீமியா போன வயிறு சிவந்து உருண்டிருக்கும். வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் தீனி போதவில்லை. மூன்றாம் வாரத்துக்குமேல் மொய்னா என்ற நீர்ப்பூச்சியை வளர்த்துப் போட்டால் செலவு குறையும், பொடியையும் அதன்பின் பழக்கலாம்.

இன்னொரு சாவு உண்டு, அதற்குத் தீனி காரணமில்லை. மூன்று, நான்கு வாரத்தில் கௌராமிக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகும். மேலே வந்து வாய் திறக்கும்போது குளிர்ந்த காற்று பட்டால் கூட்டமாகச் சாகும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. அந்த மாதங்களில் தொட்டிக்குமேல் ஷீட் போட்டு, மழைநீர் நேராக விழாமல் பாருங்கள்.

இப்போதும் தொட்டியில் குஞ்சு மிச்சம் இருந்தால் பொடியையும் மஞ்சள் கருவையும் இன்றே நிறுத்துங்கள். அடியில் படிந்ததை ஏர்டியூப் வைத்து மெல்ல உறிஞ்சி எடுங்கள். பச்சை பிடித்த குளத்துத் தண்ணீரை இரட்டைத் துணியில் வடித்து, காலையிலும் மாலையிலும் ஊற்றுங்கள். வாளி தயாராகும்வரை சிலதாவது தாங்கும்.