1911 கைத்துப்பாக்கியில் ஸ்லைடு உரசுவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: புதிதாக வாங்கிய .45 காலிபர் 1911 கைத்துப்பாக்கியின் ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதி) உரசி உரசியே நகர்கிறது. சோதனையை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) கழற்றி, ஸ்லைடைத் திறந்து, பேரலின் (குழலின்) பின்முனையில் தோட்டா அமரும் அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பின்பே பிரிக்க வேண்டும். பிறகு ஹாமரை (துப்பாக்கியின் பின்புறமுள்ள சுத்தியல் போன்ற பாகத்தை) பின்னுக்குச் சாய்த்து வைத்துக்கொண்டு, பேரலும், ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கும் இல்லாத வெறும் ஸ்லைடை ஃப்ரேமில் (கைப்பிடியுள்ள அடிச்சட்டத்தில்) ஏற்றி, கையால் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அப்போதே சொரசொரப்பு தெரிந்தால் பெரும்பாலும் ரெயில்களில்தான் (ஸ்லைடு ஓடும் தடங்களில்தான்) குறை. ஸ்லைடு வழுக்கிக்கொண்டு நகர்ந்தால், முதலில் பேரலையும் புஷ்ஷிங்கையும் (பேரலின் முன்முனையைத் தாங்கும் வளையத்தையும்), அடுத்து ஸ்பிரிங்கையும் சேர்த்து மீண்டும் சோதியுங்கள். எந்தப் பாகத்தைச் சேர்த்தவுடன் உரசல் தொடங்குகிறதோ, அந்தப் பாகத்தையே முதலில் ஆராய வேண்டும். கோணிய ஸ்பிரிங் ஒன்றே போதும், துப்பாக்கி முழுவதும் கெட்டுவிட்டதாக நம்மை நம்ப வைக்க.

கேள்வி: ரெயில்களில்தான் உரசல் என்று தெரிந்துவிட்டது. தேய்ப்புப் பசை தடவி ஸ்லைடை ஓட்டிச் சரிசெய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பசை, உரசும் இடத்தை மட்டுமல்லாமல் தொடும் இடம் எல்லாவற்றையும் அரிக்கும்; போன உலோகம் திரும்பி வராது. அலுமினிய ஃப்ரேம் என்றால் அதன் மேலுள்ள மெல்லிய கடினப் பூச்சும் போய்விடும். அதற்குப் பதிலாக, ரெயில்களில் மார்க்கர் மை பூசிக் காயவிட்டு, எண்ணெய் இல்லாமல் சில முறை ஸ்லைடை நகர்த்துங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல் இருக்கிறது. அங்கே பிசிறு எழும்பியிருந்தால், நுண்ணிய சாணைக்கல்லால் அந்தப் பிசிறை மட்டும் எடுத்தால் போதும். அரம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஸ்லைடை இழுக்கத் தொடங்கும்போது மட்டும் மிகக் கனமாக இருக்கிறது, பாதி தூரத்துக்குப் பிறகு இலகுவாகிவிடுகிறது.

பதில்: இது குறையே அல்ல. ஹாமர் முன்னே சாய்ந்திருக்கும்போது, ஸ்லைடு ரீகாயில் ஸ்பிரிங்கை அழுத்துவதோடு ஹாமரையும் பின்னே தள்ள வேண்டியிருக்கிறது. ஹாமரைக் கட்டைவிரலால் முதலில் பின்னே சாய்த்துவிட்டு இழுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். ஸ்லைடின் பின்முனையில் ஹாமரைத் தொடும் தகட்டின் கீழ் விளிம்பு தொடக்ககாலத் துப்பாக்கிகளில் ஏறக்குறைய சதுரமாக இருந்தது. கையால் இழுப்பது எளிதாகட்டும் என்றே பிற்காலத்தில் அதை வளைவாக்கினார்கள்.

கேள்வி: மேகசின் இல்லாதபோது சீராக ஓடுகிறது, நிரப்பிய மேகசினைச் செருகினால் இழுபடுகிறது.

பதில்: மேகசினின் ஸ்பிரிங், அதிலுள்ள மேல்வரிசைத் தோட்டாவை ஸ்லைடின் அடிப்பகுதியில் அழுத்துகிறது, ஓரளவு இழுபடுவது இயல்பே. சோதனைக்குப் போலித் தோட்டாக்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஸ்லைடு மூடும் கடைசிக் கட்டத்தில் தட்டி நிற்கிறது, எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.

பதில்: அந்த இடத்தில்தான் பேரலின் பின்முனை மேலெழுந்து, அதன் மேலுள்ள பூட்டுப் பற்கள் ஸ்லைடின் பள்ளங்களில் பொருந்துகின்றன. பேரலுக்கு அடியிலுள்ள இணைப்புத் துண்டின் நீளம் பொருந்தாமலோ, புஷ்ஷிங் அளவுக்கு மீறி இறுக்கமாகவோ இருந்தால் இப்படித் தட்டும். இது துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளந்து செய்ய வேண்டிய வேலை. அதுவரை அந்தத் துப்பாக்கியால் சுடாதீர்கள்.