பிள்ளை நித்திரை, தாய் விழிப்பு

வணக்கம். மருமகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து ஆறு கிழமை. துடக்குக் கழித்த பிறகும் முகத்தில் தெளிவில்லை. பிள்ளை நித்திரையானாலும் அவ படுக்கமாட்டா. அதன் மூக்கடியில் விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி இருப்பா. நேற்று, "நான் இல்லாட்டிப் பிள்ளை நல்லா வளரும் மாமி" என்றா. பாவம் என்று குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் நானே செய்கிறேன். அவ இன்னும் ஒதுங்குகிறா. மகன் வேலையால் வர இரவு ஒன்பதாகும். நான் எங்கே பிழை விடுகிறேன்?
- ஒரு மாமி, வெள்ளவத்தை

அன்பான அம்மா,

முதலில் அந்த ஒரு வசனம். களைப்பில் வந்த பேச்சென்று விடாதீர்கள். இன்றே தனியே இருத்தி, "சாக வேணும் போல இருக்குதா பிள்ளை?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஓம் என்றாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு நள்ளிரவிலும் அழைக்கலாம்.

பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் வரும் அழுகை இரண்டு கிழமைக்குள் அடங்கிவிடும். ஆறாம் கிழமையிலும் இப்படியென்றால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மாற்றக்கூடியது. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் (மருத்துவிச்சியிடம்) சொல்லுங்கள். பெற்ற தாயின் மனச்சோர்வைக் கண்டறிய, கடந்த 7 நாட்களைப் பற்றிக் கேட்கும் எடின்பரோ வினாக்கொத்து தமிழிலும் உண்டு, 10 கேள்விதான். அவ பதில் சொல்லும்போது வீட்டார் பக்கத்தில் நிற்க வேண்டாம். மாமிக்கு முன்னால் யார் உண்மை சொல்வார்கள்? தைரொயிட், இரத்தச்சோகை இரண்டையும் சோதிக்க வைத்தியரிடம் கேளுங்கள். மருந்து எழுதும்போது பால் கொடுப்பதைச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். குணம் தெரியச் சில கிழமை செல்லும், தாங்களாக நிறுத்தக்கூடாது.

உங்கள் மனசில் பிழையில்லை அம்மா. ஆனால் பிள்ளையின் வேலையை நீங்கள் எடுக்க எடுக்க, "என்னால் ஏலாது" என்ற அவவின் எண்ணம் உறுதியாகிறது. குளிப்பாட்டுவது அவவாக இருக்கட்டும். தண்ணீர் விளாவுவதும் துவாயோடு நிற்பதும் நீங்கள். சமையல், உடுப்புத் தோய்ப்பது, வந்துபோகிற ஆட்களைச் சமாளிப்பது முழுக்க உங்களுடையது. பத்தியம் என்று மரக்கறி, தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

அடுத்தது நித்திரை. இதில் மகன் இறங்கவேண்டும். இரவு 9.30க்குப் பால் கொடுத்துவிட்டு அவ வேறு அறையில் படுக்கட்டும். ஒரே அறையென்றால் காது மூச்சையே தேடும். 2.30 வரை பிள்ளை மகனிடம். முன்கூட்டி எடுத்த பாலைக் கொழும்பு வெக்கையில் வெளியே வைக்காமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். இளஞ்சுடுநீரில் கிண்ணத்தை வைத்துச் சூடாக்கி, சிறு கோப்பையால் பருக்கலாம். மார்பு கட்டினால் எழுந்து பாலை எடுத்துவிட்டுத் திரும்பப் படுக்கட்டும்.

இப்படி மூன்று இரவு விட்டும், பிள்ளை பக்கத்தில் இல்லாமலே கண் மூடவில்லையா? வைத்தியரிடம் முதலில் சொல்லவேண்டியது அதைத்தான்.