பொரித்த எண்ணெயில் பிக்அப் ஓடுமா? பயோடீசல் பற்றிய வாசகர் கேள்விகள்

வாழைக்காய் சிப்ஸ் போடுகிறோம். வாரம் 40 லிட்டர் பொரித்த எண்ணெய் மிஞ்சுகிறது. துணியில் வடிகட்டி, பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) பிக்அப்பில் டீசலோடு சரிபாதி ஊற்றலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா? – பொள்ளாச்சி வாசகர்

வேண்டவே வேண்டாம். எத்தனை முறை வடிகட்டினாலும் அது எண்ணெய்தான், பயோடீசல் ஆகிவிடாது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது காமன் ரெயில் என்ற உயர் அழுத்த எரிபொருள் அமைப்பு. முடியளவுத் துளைகள் வழியாக, 1,600 பார் அழுத்தத்திலும் அதற்கு மேலும் எரிபொருளைப் பீய்ச்சுகிறது. சமையல் எண்ணெய் டீசலைப் போல ஏறத்தாழ 10 மடங்கு கெட்டியானது. பனிபோலப் பரவ வேண்டியது துளித்துளியாக விழும். பாதி எரியும், மீதி கரியாகி நாசில் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் ஒட்டும். முதல் மாதம் வண்டி நன்றாகவே ஓடும். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அந்த எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய திட்டத்தின்படி, அதை விலைக்கு எடுத்துப் பயோடீசல் ஆலைக்கு அனுப்புகிறார்கள். மலிவாகக் கேட்கிறார் என்று தள்ளுவண்டிக் கடைக்காரருக்கு மட்டும் விற்றுவிடாதீர்கள். அது மறுபடியும் யாரோ ஒரு குழந்தையின் தட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

அப்படியானால் வீட்டிலேயே முறையாகப் பயோடீசல் தயாரிக்கலாமா? செய்முறை எளிது என்று படித்தேன். – ஈரோடு வாசகர்

செய்முறை எளிதுதான். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து அந்தப் பிடியை விடுவிக்கின்றன. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 200 மில்லி மெத்தனால். கிளிசரின் அடியில் தங்கும், மேலே நிற்பது பயோடீசல்.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்த மெத்தனால். நம் ஊர் வெயிலில் அதன் ஆவி எந்த நேரமும் தீப்பிடிக்கத் தயாராக இருக்கும். பற்றினால் பகலில் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மூச்சிலும் தோலிலும் ஏறும், பார்வையைப் பறிக்கும். 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து அத்தனை உயிர்களைக் கொண்டுபோனது இதுதான். உரிமம் இல்லாமல் வாங்கி வைப்பது குற்றம். பிள்ளைகள் நடமாடும் வீட்டின் பின்கட்டில் இதை வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று: பலமுறை கொதித்த எண்ணெயில் அமிலம் கூடியிருக்கும். காஸ்டிக் சோடாவின் அளவு சற்றுத் தவறினாலும் சோப்பு உண்டாகும். அந்தச் சோப்பிலுள்ள சோடியம் பி.எஸ்.6 வண்டியின் புகைக்குழாயிலுள்ள கரித்துகள் வடிகட்டியில் சாம்பலாகப் படியும். கரியை எரித்து அகற்றலாம், சாம்பலை எரிக்க முடியாது. ஐரோப்பியத் தரம் ஒரு கிலோ பயோடீசலில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. கண்ணாடி டம்ளரில் பொன்னிறமாக, தெளிவாக நிற்கும் திரவத்தில் அது 5 மில்லிகிராமா 50 மில்லிகிராமா என்பதை ஆய்வகம்தான் சொல்லும்.

வெளியில் வாங்கிய பயோடீசலைப் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டுகிறேன். இன்ஜின் ஆயில் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது! – சேலம் வாசகர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லவேண்டும் என்றுதான் தோன்றியது. இதே குறையோடு ஒரு பிக்அப் என் பட்டறைக்கு வந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு இல்லை, தண்ணீர்போல ஓடியது; பலகாரக் கடை வாசனை. சம்ப்பை (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றியபோது ஆயில் உறிஞ்சும் சல்லடையில் பாதியைப் பழுப்பு நிற ஜெல்லி அடைத்திருந்தது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் போயிருந்தால் பேரிங் போயிருக்கும்.

காரணம் இதுதான். கரித்துகள் வடிகட்டி நிறைந்ததும், அதைச் சுட்டெரிக்க இன்ஜின் கொஞ்சம் எரிபொருளைக் கூடுதலாக, எரிதல் முடிந்த பிறகு சிலிண்டருக்குள் விடுகிறது. அது ஆவியாகிப் புகையோடு போய், வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். டீசல் 180 டிகிரியை ஒட்டியே ஆவியாகத் தொடங்கிவிடும். பயோடீசலில் பெரும்பகுதிக்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆவியாகாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன நடை அடிக்கும் வண்டிகளில் இந்தச் சுத்திகரிப்பு பாதியில் நின்று நின்று மறுபடி தொடங்குவதால் பாதிப்பு அதிகம்.

ஆயிலையும் பில்டரையும் உடனே மாற்றுங்கள், சம்ப்பைத் திறந்து பாருங்கள். டேங்கில் இருப்பதை வடித்துவிட்டு பங்க் டீசல் நிரப்புங்கள்.

அமெரிக்காவில் பெரிய பிக்அப்கள் 20 சதவீதம் பயோடீசலில் ஓடுகின்றனவே? – சென்னை வாசகர்

ஓடுகின்றன. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் டீசல் பிக்அப்களுக்கு பி20 (20 சதவீதம் பயோடீசல்) வரை அனுமதி தந்திருக்கின்றன. ஆனால் கலக்கப்படும் பயோடீசல் ஏ.எஸ்.டி.எம். டி6751 என்ற அமெரிக்கத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நம் நாட்டில் பங்க் டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் இருக்கலாம் என்று ஐ.எஸ். 1460 என்ற இந்திய டீசல் தரம் அனுமதிக்கிறது. 2030க்குள் 5 சதவீதக் கலப்பை எட்டுவது 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. அந்த 7 சதவீதத்துக்கு மேல் போகவேண்டுமானால் உங்கள் வண்டியின் கையேட்டில் எழுதியிருக்க வேண்டும். மெக்கானிக் வாய்மொழியாகச் சொன்னது வாரண்டிக்கு உதவாது.

நெடுஞ்சாலையோரம் டீசலைவிடக் குறைந்த விலையில் 'பயோடீசல்' விற்கிறார்கள். நம்பலாமா? – நாமக்கல் வாசகர்

ஐ.எஸ். 15607 (பயோடீசலுக்கான இந்தியத் தரம்) சோதனைச் சான்றும் ரசீதும் கேளுங்கள். தயங்கினால் திரும்பிவிடுங்கள். மண்ணெண்ணெய் அல்லது பெயின்ட் தின்னர் வாசனை அடித்தால் அது பயோடீசலே அல்ல. உண்மையான பயோடீசலில் சமையல் எண்ணெயின் மெல்லிய வாசனைதான் இருக்கும். அடர்த்தியும் காட்டிக்கொடுக்கும்: 15 டிகிரியில் கன மீட்டருக்கு 860 முதல் 900 கிலோ. 15 டிகிரிக்குத் திருத்திக் கணக்கிட்ட பிறகும் ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் கருவி) அதைவிடக் குறைவாகக் காட்டினால் டீசலோ கரைப்பானோ கலந்திருக்கலாம்.

மலையில் காய்கறி ஏற்றுகிறேன். மார்கழியில் காலையில் ஸ்டார்ட் ஆகுமா? – ஊட்டி வாசகர்

பாமாயிலில் செய்த பயோடீசல் 15 டிகிரியை நெருங்கும்போதே கலங்கத் தொடங்கும், பிறகு மெழுகாக உறைந்து பில்டரை அடைக்கும். நம் ஊரில் பொரிக்கப் பெரும்பாலும் பாமாயில்தான். உறைபனி விழும் உங்கள் ஊருக்கு அது ஒத்துவராது.

என்னிடம் இருப்பது 1998 மாடல் பழைய பிக்அப். எனக்கும் இதே தடைகளா? – மதுரை வாசகர்

இல்லை. கரித்துகள் வடிகட்டியும் காமன் ரெயிலும் இல்லாத வண்டி உங்களுடையது. தரமான பயோடீசலை 20 சதவீதம் வரை அது தாங்கும். மைலேஜில் ஒன்றிரண்டு சதவீதம் குறையலாம். புகை குறையும். எரிபொருள் பம்ப்புக்கு உயவு நன்றாகக் கிடைக்கும்.

பழைய ரப்பர் குழாய்களை மட்டும் முதலில் மாற்றிவிடுங்கள். இயற்கை ரப்பரைப் பயோடீசல் ஊறவைத்து உப்பச் செய்துவிடும். பித்தளை, செம்பு இணைப்புகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடை அது கரைத்துக் கொண்டுவரும். அதனால் முதல் இரண்டு டேங்க் முடிவதற்குள் வண்டி இழுக்காமல் திணறினால் பயப்பட வேண்டாம், பில்டர்தான் அடைத்திருக்கும். சீட்டுக்கு அடியில் புது பில்டர் ஒன்றும், கழற்றும் ஸ்பானரும் வைத்துக்கொள்ளுங்கள்.